கால் கழுவும் ஞாயிறு

இன்னும் மூன்று சோடி முடிந்தால் நான்காவதாக அவரும் ஆர்தர் நல்லதம்பியும்தான். அரியரத்தினம் திரும்பவும் எண்ணிப் பார்த்தார். எண்ணினால் மட்டும் குறைந்துவிடுமா, கூடிவிடுமா? சபையின் நிலக்கீழ் அறையில் ஆண்கள் ஒரே வரிசையாகக் கதிரைகளில் இருந்தார்கள். பெண்கள் மேலே, தனியாக. முன்னால் ஒரு வெள்ளை எனாமல் பேசின், மடித்து அடுக்கிய துவாய்கள், எதிரெதிராக இரண்டு கதிரைகள். வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற இரண்டு பேர் எழுந்து போய் ஒருவர் காலை ஒருவர் கழுவிவிட்டு வரவேண்டும். கடைசிச் சோடி எழும்பும்வரை மற்றவர்கள் வாத்தியம் ஒன்றும் இல்லாமல் நாலு குரலில் பாடிக்கொண்டிருக்க வேண்டும். கனடாவில் கிச்சினருக்கு வடக்கே, இந்தச் சோள வயல்களுக்கு நடுவே, அப்பமும் திராட்சை ரசமும் எடுக்கிற ஞாயிறுகளில் ஆண்டுக்கு இரண்டு தடவை இது நடக்கிறது. கர்த்தர் சீடர்களின் காலைக் கழுவியதன் நினைவாக மெனோனைட் என்கிற கிறிஸ்தவப் பிரிவு ஆட்களின் வழக்கம். அரியரத்தினமும் மெனோனைட்தான், முப்பத்தைந்து வருடமாக. பேசினில் எழுபது தடவை கைவைத்திருப்பார். ஒரு தடவையும் இப்படிக் கை வியர்த்ததில்லை. ஓர்வில் பௌமனைப் படியில் கைபிடித்து இறக்கிவிட்டு வந்ததில் பிந்திவிட்டது, அதுதான் பிழை. கீழே வந்தபோது ஒரே ஒரு கதிரைதான் மிச்சம். அதற்குப் பக்கத்தில் இருந்த நல்லதம்பி அந்தக் கதிரையைக் கையால் தட்டினார். “இதிலை இரும், அரியன்.” எண்பத்தாறு வயது ஓர்வில் கடைசியில் தனக்கென்று போட்டுவைத்திருந்த கைப்பிடிக் கதிரையில் போய் இருந்துகொண்டார். இனி எழுந்து இடம் மாறினால் எல்லோருக்கும் தெரியும். கழிவறைக்குப் போகலாம். எழுபத்திரண்டு வயதுக்காரன் கழிவறைக்குப் போனால் யார் கேட்கப் போகிறார்கள்? போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு பாட்டு முடியும்வரை நிற்கலாம். ஒளித்து நிற்கிறதா? ஆமியிடம் ஒளித்தது, இயக்கத்திடம் ஒளித்தது, போதாதென்று இங்கே பைபிள் அறைக்குப் பக்கத்துக் கழிவறையிலும் ஒளிக்கிறதா? முதல் சோடி எழுந்தது. தகப்பனும் மகனும். மகன் குனிய முந்தியே தகப்பன் முழங்காலில் விழுந்துவிட்டார். இங்கே அதுதான் போட்டி, யார் முந்திக் குனிகிறது என்று. குனிந்தவனே வென்றவன். இந்தப் போட்டியில் அரியரத்தினத்தை இதுவரை ஒருவரும் வென்றதில்லை.

அந்தப் புகழ் மேல்மாடி வரைக்கும் போயிருந்தது. ஒருநாள் ஓர்விலின் மனைவி, அரியரத்தினத்தின் மனைவி நேசத்திடம் சொல்லியிருக்கிறாள், உன்னுடைய வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் எங்களுடைய ஆண்கள் தாழ்மை படிக்கவேண்டும், எப்போதும் அவர்தானாம் முதல். நேசம் வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே அதைச் சொன்னாள். அவருக்கு உள்ளே குளிர்ந்தது. “அப்பிடியே சொன்னவ?” என்று கேட்டார். இன்னொரு தரம் கேட்கும் ஆசை. “ஓம். அப்பிடித்தான் சொன்னவ.” சீவிய கிழங்கைத் தண்ணீருக்குள் போட்டாள். “ஊரிலையும் அப்பிடித்தானே, இஞ்சேருங்கோ. முதலிலை குனியிறது நாங்கள்தானே.” அவ்வளவுதான் சொன்னாள். சிரித்தாளா இல்லையா என்று இன்றைக்கும் அவருக்குத் தெரியாது. அவர் கோபித்துக்கொண்டு வெளியே போய்ப் பனி வழித்தார், வழிக்க அங்கே பனியே இல்லை. நேசம் போய் மூன்று வருடம். சொன்னது போகவில்லை. பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி, நாக்கு நினைக்காத நேரத்திலும் அங்கேதான் போய்த் தட்டுகிறது. கழுவுகிறது என்றால் என்ன, அவருக்குத் தெரியாதா? ஊருக்கு வெளுக்கிற குடும்பம். கட்டாடி வேலன் என்று ஊர் சொன்னது அவருடைய தகப்பனை, ஐயாவை. மகனுக்கு அரியரத்தினம் என்று பெயர் வைக்க ஐயா ஆசைப்பட்டார், பிறப்புப் பதிகிறவர் உங்களுக்கு இவ்வளவு நீளம் எதற்கு என்று அரியன் என்று எழுதிவிட்டுப் பேனையை மூடினார். உவர்மண்ணும் வெள்ளாவிப் புகையும் ஊறிய கை. பிள்ளை பெற்ற வீட்டுத் துணி, பெரியபிள்ளையான வீட்டுத் துணி, செத்த வீட்டுத் துணி. குளத்துக் கல்லில் அடித்துத் துவைக்கிறபோது தண்ணீர் என்ன நிறத்தில் ஓடும் என்று இந்த அறையில் வேறு யாருக்குத் தெரியும்? கனடாவுக்கு வந்த முதல் குளிரில் சபையின் குழு அவருக்கு வேலை தேடித் தந்தது. முதியோர் இல்லம் ஒன்றில் சலவைப் பகுதி. எல்லாம் மெஷின்தான், சூடான அறை, நல்ல ஆட்கள் என்றார்கள். அகதியாய் வந்தவன், காலில் போட்டிருக்கிற சப்பாத்தும் அவர்கள் தந்தது, மேசையில் கிடந்த ரொட்டியும் அவர்கள் தந்தது. அவர் எழுந்து நின்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னார்: வேறு எந்த வேலையும் செய்வேன். பன்றித் தொழுவம் அள்ளுவேன். துணி துவைக்க மாட்டேன். குழுவில் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஓர்வில் மட்டும் ஏன் என்று கேட்கவில்லை. அடுத்த நாள் விடியப் பன்றித் தொழுவத்துக்கே கூட்டிக்கொண்டு போனார். எட்டு மாதம் அரியரத்தினம் அள்ளினார். பிறகு மேசை நாற்காலி செய்கிற தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம். துணியை விட்டவர் காலை விடவில்லை. அது வேறு, இது கர்த்தர் செய்து காட்டியது என்று நினைத்துக்கொண்டு எழுபது தடவை குனிந்தார். முந்திக் குனிந்தது கர்த்தரா, கட்டாடியின் மகனா? நேசம் கேட்டது அதைத்தான்.

இரண்டாவது சோடி. கோழிப்பண்ணைக்காரரும் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவரும். நல்லதம்பி பாட்டுப் புத்தகத்தைத் தூரத்தில் பிடித்துக்கொண்டு பாடினார். நல்ல குரல், ஊரில் கோயில் பாடகர் குழுவில் பழகிய குரல். பிறந்ததிலிருந்தே கிறிஸ்தவக் குடும்பம், ஓய்வுபெற்ற எஞ்சினியர், வயது அறுபத்தாறு. மகன் இந்தச் சபைப் பெண்ணைக் கட்டினபடியால் தமிழர் நிறைந்த ஸ்காபரோவை விட்டு நாலு மாதத்துக்கு முந்தி இங்கே வந்து சேர்ந்தார். முதல் ஞாயிறு சாப்பாட்டு மேசையில் நம்முடைய முகம் ஒன்றைக் கண்டதும் அவருக்கு வாயெல்லாம் சிரிப்பு. “நீங்கள் எந்த ஊர்?” அரியரத்தினம் ஊரைச் சொன்னார். “அட, எங்கட ஊரெல்லோ! எந்தப் பக்கம்?” எந்தப் பக்கம் என்று சாதி தேடுகிற கேள்வி கடல் தாண்டி, பனி தாண்டி, ரொட்டிக் கூடையையும் தாண்டி வந்து சேரும் என்று அரியரத்தினம் முப்பத்தெட்டு வருடமாகக் காத்திருந்தவர் போல உடனே சொன்னார். “குளத்தடி.” “குளத்தடியிலை ஆரின்ரை...” நல்லதம்பியின் கை ரொட்டியோடு நின்றது. “கட்டாடி வேலன்ரை?” “மகன்.” “அட, அரியன்! இவ்வளவு காலமும் எங்கை காணும் இருந்தனீர்?” “நீங்கள்” “நீர்” ஆக மாற ஒரு ரொட்டிக்கு வெண்ணெய் பூசுகிற நேரம்கூடப் பிடிக்கவில்லை. வன்மம் ஒன்றும் இல்லை, அதுதான் ஆளை வதைக்கிறது. தொலைந்துபோன குடை கிடைத்த சந்தோஷம் அந்த முகத்தில். மேசையில் இருந்த வெள்ளை ஆட்களைப் பார்த்து இங்கிலீஷில் சொன்னார், இவருடைய தகப்பனார் எங்கள் குடும்பத்துக்கு ஆயுள் முழுக்கச் சேவை செய்தவர். சேவை! அந்தச் சொல்லுக்கு மேலே ஒரு சொல் இந்தச் சபையில் கிடையாது. போதகரின் மனைவி நெஞ்சில் கை வைத்தாள். எவ்வளவு அழகான விஷயம், ஒரு சேவகனின் மகன் இன்னொரு சேவகன் என்றாள். அரியரத்தினம் உப்புப் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தார். விளங்கப்படுத்தப் போனால் எங்கிருந்து தொடங்குவது? நல்லதம்பியின் தமக்கையின் கலியாணத்திலிருந்தா? மாப்பிள்ளை பொம்பிளை கால் நிலத்தில் படாமல் கோயிலிலிருந்து வீடுவரைக்கும் நிலபாவாடை விரிக்கவேண்டும். இரண்டே வெள்ளைத் துணி. ஒன்றில் அவர்கள் நடக்கும்போது பின்னால் விட்டதை உருவிக்கொண்டு முன்னால் ஓடி விரிப்பது, பிறகு மற்றதை உருவி ஓடுவது. ஐயா ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். இவருக்குப் பத்தொன்பது, நல்லதம்பிக்குப் பதின்மூன்று. நல்லதம்பி தமக்கைக்குப் பக்கத்தில் புதுச் சப்பாத்தோடு துணியில் நடந்து வந்தபடி, “கெதியா விரியடா அரியன், சப்பாத்திலை புழுதி படப்போகுது,” என்று சொன்னது இன்றைக்குச் சொன்ன மாதிரி இருக்கிறது. அடுத்தநாள் குளத்தடியில் அந்தத் துணியை நனைக்க முந்தி அரியரத்தினம் விரித்துப் பார்த்தார். பெரிய தடங்களுக்கு நடுவில் சின்னதாய், வடிவாய், குதிக்கால் பக்கம் ஆழமாக அழுந்திய நல்லதம்பியின் தடம். இரண்டு தரம் வெள்ளாவி வைத்தும் போகவில்லை. ஐயாவோ அன்றைக்கும் பெருமையாகத்தான் இருந்தார். “எங்கட வெள்ளை விரியாமல் அவைக்கு ஒரு கலியாணமும் இல்லை, ஒரு பிணமும் போகாது.” பாவம் ஐயா. பெருமையை எங்கே போய்ப் பொறுக்கினார் பாருங்கள்.

மூன்றாவது சோடி எழும்பியது. இவருக்கு முன்னால் முதலில் குனிய மனம் வராதது பழிவாங்கலா? ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை, அதற்கு மேலே சொல்வது தீமையினால் வருகிறது என்கிறது பைபிள். இந்த ஆட்கள் நீதிமன்றத்திலும் சத்தியம் செய்யாதவர்கள், நான் சொன்னால் சொன்னதுதான் என்கிறவர்கள். ஆகவே தன்னிடமாவது நேராகச் சொல்லவேண்டும். கொஞ்சம் ஆம். மிச்சம் என்ன? மிச்சத்துக்கு அவரிடம் பெயர் இல்லை. இன்றைக்குக் குனிந்தால் நாளைக்கு எழும்ப முடியாது என்கிற பயம், அவ்வளவுதான். குனியாவிட்டால்? அந்தப் பயம் இன்னும் பெரிது. திருவிருந்து நாளைக் கெடுத்தவன் என்பார்கள். ஏன் என்று அன்பாகக் கேட்பார்கள், அன்பாகக் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. எந்தப் பக்கம் என்கிற கேள்வியின் அர்த்தத்தை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? சொன்னாலும், மன்னித்துவிடு சகோதரனே என்று தோளில் கை போடுவார்கள். நேசம் போனபிறகு இவர்களை விட்டால் ஆள் இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறது இவர்கள், புதன்கிழமை சூப் கொண்டு வருகிறது இவர்கள், செத்தால் தூக்கப்போகிறது இவர்கள். இவர்களுக்குத் தெரிந்த அரியரத்தினம் குனிகிற அரியரத்தினம். மற்றவனை அவர்கள் கண்டதில்லை. ஓர்வில் ஒருவர்தான் கண்டார், அதுவும் ஒரே ஒரு தடவை, அந்தக் குழுவின் முன்னால். தொழுவத்தில் பன்றிக்குட்டிகளுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டே ஒருநாள் ஓர்வில் தன்னுடைய பரம்பரையைச் சொன்னார். சுவிட்சர்லாந்தில் அவருடைய ஆட்களைப் பிடித்துக் கை கால் கட்டி ஆற்றில் அமிழ்த்தினார்களாம். மிஞ்சினவர்கள் மலை தாண்டி ஓடி, கப்பல் ஏறிப் பென்சில்வேனியா போய், அங்கிருந்து பேரன்மார் குதிரைவண்டியில் சதுப்பெல்லாம் தாண்டி இங்கே வந்தார்களாம். ஏன் கொன்றார்கள் என்று அரியரத்தினம் கேட்டார். “பச்சைக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கமாட்டோம் என்றோம். சத்தியம் செய்யமாட்டோம் என்றோம். வாள் தூக்கமாட்டோம் என்றோம்.” ஓர்வில் கையைத் தட்டி வைக்கோலை உதறினார். “எங்களை அடக்கமான சனம் என்று சொல்கிறார்கள், ரத்னம். அடக்கமாக இருந்திருந்தால் நாங்கள் ஊரிலேயே இருந்திருப்போம்.” அன்றைக்குத்தான் இந்த ஆட்களோடு சேர்வது என்று அவர் முடிவெடுத்தார். பாட்டுக்காக இல்லை, சூப்புக்காக இல்லை. மாட்டோம் என்று மூன்று தடவை சொன்னதற்காக. அப்படியென்றால் எழுபது தடவையும் அவர் பின்பற்றியது ஓர்விலின் ஆட்களில் குனிகிற பாதியைத்தான். மாட்டோம் என்கிற மற்றப் பாதி இன்னும் மிச்சம் இருக்கிறது.

“வாரும், எங்கட முறை,” என்றார் நல்லதம்பி. இரண்டு பேரும் முன்னால் போனார்கள். புதுத் தண்ணீர் ஊற்றியிருந்தது, ஆவி லேசாக எழும்பியது. நல்லதம்பி கதிரையில் இருந்தார், சப்பாத்தைக் கழற்றினார், காலுறையைக் கழற்றிச் சுருட்டிச் சப்பாத்துக்குள் வைத்தார், இரண்டு காலையும் பேசினுக்குப் பக்கத்தில் நீட்டிவிட்டுப் பாட்டுப் புத்தகத்தைத் திரும்ப எடுத்தார். நினைத்துச் செய்யவில்லை. கால் நீட்டுகிறது அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி. அதே நேரம் அரியரத்தினத்தின் முழங்கால் தானாக மடியத் தொடங்கியது. முதுகு எலும்பு ஒவ்வொன்றாக முன்னால் சரிந்தது. ஐயாவின் முதுகு, ஐயாவின் ஐயாவின் முதுகு. நில், என்றார் அதனிடம். நில். எதிர்க்கதிரையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல இருந்தார். இருந்துவிட்டார். பிறகு குனிந்து தன்னுடைய சப்பாத்தைக் கழற்றினார். ஒன்று. மற்றது. காலுறை. தொழிற்சாலைப் பலகை விழுந்து நகம் போன பெருவிரல், வெடித்த பாதம். பேசினின் இரண்டு பக்கமும் நாலு வெறுங்கால். “என்ன காணும், ரெண்டு பேரும் கழட்டினால்?” நல்லதம்பி மெல்லக் கேட்டார், சிரிப்போடு. “முதல் நீங்கள்,” என்றார் அரியரத்தினம். “என்ன?” “முதல் நீங்கள் கழுவுங்கோ. பிறகு நான்.” “விளையாடாதையும். தொடங்கும். உமக்குப் பழக்கமெல்லோ.” “அதுதான்,” என்றார் அரியரத்தினம். சொன்ன சத்தம் தன்னுடையதுதானா என்று அவருக்கே சந்தேகம். நல்லதம்பியின் சிரிப்பு இன்னும் கொஞ்ச நேரம் முகத்தில் இருந்தது, வீட்டுக்காரர் போனபிறகும் எரிகிற விளக்கு மாதிரி. “எனக்கு முழங்கால் ஏலாது.” “எனக்கும் ஏலாது. உங்களிலும் ஆறு வயது மூப்பு.” “சனம் பாக்குது, அரியன்.” “பாக்கட்டும். என்ரை பேர் அரியரத்தினம்.” நல்லதம்பி புத்தகத்தை மூடினார். காது சிவந்தது. பாட்டின் நாலாவது சரணம் முடிந்தது. மேலே பெண்களின் கதிரை நகர்கிற சத்தம் கேட்டது. பாட்டுத் தொடங்கிக்கொடுக்கிற மனிதர் இவர்களைப் பார்த்தார், வேறு வழி தெரியாமல் தொண்டையைச் செருமி முதல் சரணத்தைத் திரும்ப எடுத்தார். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். யாரும் பார்க்கவில்லை, எல்லோரும் பார்த்தார்கள். இந்த ஆட்கள் கண்ணைத் தாழ்த்தியபடியே பார்க்கிற வித்தை தெரிந்தவர்கள். அரியரத்தினத்துக்குக் கால் குளிர்ந்தது. இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, சும்மா சறுக்கி முழங்காலில் விழுந்தால் போதும், இரண்டு நிமிடம், எல்லோரும் மகிழ்ச்சியாய் வீட்டுக்குப் போவார்கள், புதன்கிழமை சூப் வரும். இல்லை. தடி தட்டுகிற சத்தம் கேட்டது. ஓர்வில் எழுந்து வந்துகொண்டிருந்தார். வந்து இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, தடியைக் கதிரையில் சாத்திவிட்டு, ஒரு கையால் கதிரையைப் பிடித்துக்கொண்டு குனியத் தொடங்கினார். எங்கே முறுகல் கண்டாலும் அங்கே போய்த் தான் முந்தி விழுந்துவிடுகிறது, இந்த ஆட்கள் பிறவியிலேயே செய்கிற பிழை அது. தகராறு என்ன என்று கேட்கவே மாட்டார்கள், தங்கள் முழங்காலைக் கொண்டுவந்து அதன்மேல் போட்டு மூடிவிடுவார்கள். அரியரத்தினம் அவருடைய முழங்கையைப் பிடித்தார். “இல்லை, ஓர்வில். நீங்கள் இல்லை.” “நான் கழுவினால் போதாதா, ரத்னம்?” “போதாது.” ஓர்வில் அப்படியே அரைக்குனிவில் நின்று அவரைப் பார்த்தார். கிழட்டு நீலக்கண். பன்றித் தொழுவத்தின் விடியற்காலையில் ஏன் என்று கேட்காத அதே கண். “அப்படியென்றால் போதாதுதான்,” என்றார். நிமிர்ந்தார். தடியை எடுத்துக்கொண்டு தன் கதிரைக்குத் திரும்பிப் போய், அடித்தொண்டையில் பாட்டில் சேர்ந்துகொண்டார்.

இனி நடுவில் ஒருவரும் இல்லை. நல்லதம்பி வாசலைப் பார்த்தார். காலுறையை எடுக்கக் கை நீட்டினார். போகட்டும், போனால் போகட்டும், நான் இருக்கிற இடத்தில் இருப்பேன், தண்ணீர் ஐஸாகட்டும், இந்தப் பாட்டை நூறு தடவை பாடட்டும், சபை என்னை வேண்டாம் என்று சொல்லட்டும், நேசத்துக்குப் பக்கத்துக் குழியை வேறு யாருக்கும் கொடுக்கட்டும், நான் குனியமாட்டேன், முதலில் குனியமாட்டேன். மாட்டேன் என்று சொல்லச் சொல்ல முதுகு நேராகிக்கொண்டு வந்தது, ஒருநாளும் தெரியாத ஓர் உயரம் கதிரைக்குள்ளேயே கிடைத்தது. நல்லதம்பியின் கை காலுறையில் தொட்டு நின்றது. வரிசையில் அவருடைய மகன் இருந்தான், வெள்ளைச் சம்பந்தியும் இருந்தார். பாட்டு இரண்டாம் முறையும் மூன்றாவது சரணத்துக்கு வந்திருந்தது. அவர் வாய்க்குள் என்னவோ சொன்னார், தமிழா இங்கிலீஷா தெரியவில்லை. கதிரையின் இரண்டு பக்கத்தையும் பிடித்தார். ஒரு முழங்கால் சீமெந்தில் இடித்தது. மற்றது மெல்ல வந்தது. அரியரத்தினம் அந்தத் தலையின் உச்சியை முதல் தடவையாக மேலேயிருந்து பார்த்தார். மெல்லிய நரை, நடுவில் வழுக்கை, பாவமான, வெறும் மனிதத் தலை. சந்தோஷம் வரும் என்று நினைத்தார், வரவில்லை. கவலையும் வரவில்லை. வேலை ஒன்று நடக்கிறது, சரியாக நடக்கவேண்டும் என்கிற எண்ணம் மட்டும் வந்தது. நல்லதம்பி மூன்று விரலைத் தண்ணீரில் தொட்டு, பெருவிரலில் ஒரு சொட்டு, மற்றப் பெருவிரலில் ஒரு சொட்டு, தீர்த்தம் தெளிக்கிற மாதிரித் தெளித்தார். துவாயை எட்டி எடுத்தார். கதிரையைப் பிடித்து எழும்பப் போனார்.

“இன்னும் முடியேல்லை,” என்றார் அரியரத்தினம்.

நல்லதம்பி தலையைத் தூக்கிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, கோபத்திலா வெட்கத்திலா என்று சொல்ல முடியாது. “வேறை என்ன வேணும் உங்களுக்கு?”

அரியரத்தினம் வலது காலைத் தூக்கிப் பேசினுக்குள் வைத்தார். தண்ணீர் இன்னும் இளஞ்சூடாகத்தான் இருந்தது.

“குதிக்கால்,” என்றார். “அங்கைதான் ஊத்தை.”